வரலாற்றுவாதம்: ஒரே பேருல எத்தன அர்த்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்றுவாதம்னா என்னதான் சார்?

ஒரு கருத்தோ சட்டமோ மதமோ கலையோ, எதுவா இருந்தாலும் அது எந்தக் காலத்துல எந்தச் சூழல்ல உருவாச்சுங்கறத ஒதுக்கி வச்சுட்டு அத புரிஞ்சுக்கவே முடியாதுங்கற நிலைப்பாடு. ஹிஸ்டாரிசிசம்னு சொல்றது இதத்தான். இதோட நின்னிருந்தா இவ்ளோ சண்டையே வந்திருக்காது. ஆனா இதே பேருல கிட்டத்தட்ட நேர் எதிரான இன்னொரு சரக்கும் ஓடிட்டிருக்கு: வரலாறு ஒரு விதிப்படி நகருது, அந்த விதிய புடிச்சுட்டா அடுத்தது என்னன்னு முன்கூட்டியே சொல்லிடலாம்ங்கற நம்பிக்கை. முதல் ஆளு ஒவ்வொரு காலமும் தனி, ஒன்ன வச்சு இன்னொன்ன அளக்காதேங்கறாரு. ரெண்டாவது ஆளு எல்லாக் காலமும் ஒரே பயணத்தோட கட்டங்கள்ங்கறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே பட்டம். அதனால யாராவது வரலாற்றுவாதத்த திட்டினா, மொதல்ல யாரத் திட்றாங்கன்னு பாருங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

ஒரு உதாரணம் வச்சு சொல்ல முடியுமா?

அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலோட முதல் பகுதியில சில மனுஷங்க இயல்பாவே அடிமைகள்னு எழுதுறாரு. இத இன்னைக்குப் படிக்கிற யாருக்கும் பகீர்னு இருக்கும். பகுத்தறிவையே அளவுகோலா வச்ச 18-ம் நூற்றாண்டு அறிவொளிக் காலத்து ஆளு ஒருத்தர் படிச்சா, பகுத்தறிவுக்கு முரணானது, தப்புன்னு கோடு போட்டு அடிச்சுட்டு போயிடுவாரு. முதல் வகை வரலாற்றுவாதி, இரு இரு, கிரேக்க நகர அரசுல வீடு எப்படி ஓடுச்சு, குடிமகன்னா அங்க என்ன, வேலைங்கறத எப்படி பாத்தாங்க, இதெல்லாம் தெரியாம அந்த வாக்கியம் உனக்கு புரியாதும்பாரு. ரெண்டாவது வகை ஆளு, அடிமைச் சமூகம் ஒரு கட்டம், அப்புறம் நிலப்பிரபுத்துவம், அப்புறம் முதலாளித்துவம், அரிஸ்டாட்டில் முதல் கட்டத்தோட குரல்னு சொல்லிட்டு அட்டவணையில போட்டுடுவாரு.

இதுல சுவாரசியமானது என்னன்னா, அதே இடத்துல அரிஸ்டாட்டிலே சொல்றாரு, அடிமைமுறை இயல்பானது இல்ல, வெறும் சட்டத்தால வந்தது, அதனால அநியாயம்னு சிலர் வாதாடுறாங்கன்னு. அதாவது அந்தக் காலத்துலயே எதிர்க்குரல் இருந்திருக்கு. 'அப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க'ன்னு வரலாற்றுவாதத்த மேலோட்டமா புடிச்சுட்டு வர்றவங்க வழுக்கி விழற இடம் இதுதான்.

இத யாரு ஆரம்பிச்சது?

ஒரே ஆள கைகாட்ட முடியாது. நேப்பிள்ஸ்ல பேச்சுக்கலைப் பேராசிரியரா இருந்த ஜாம்பாட்டிஸ்டா விக்கோகிட்டேர்ந்து தொடங்குறது வழக்கம். இவரோட 'புதிய அறிவியல்' 1725-ல முதல்ல வந்துச்சு, திருத்தின கடைசிப் பதிப்பு இவர் செத்த வருஷம் 1744-ல. இவரோட வாதம் அந்தக் காலத்துக்கு தலைகீழா இருந்துச்சு. இயற்கைய பத்திதான் உறுதியான அறிவு கிடைக்கும், மனுஷ விஷயமெல்லாம் குழப்பம்னு பிரெஞ்சு தத்துவவாதி டெக்கார்ட் வழி வந்தவங்க நெனச்சுட்டு இருந்தப்ப, ஒன்ன உருவாக்குனவனுக்குத்தான் அது முழுசா தெரியும், இயற்கைய படைச்சது கடவுள், சமூகத்த படைச்சது மனுஷன், அதனால நம்மளால உண்மையிலயே தெரிஞ்சுக்க முடிஞ்சது நம்ம வரலாறுதான்னு சொன்னாரு. உயிரோட இருந்தவரைக்கும் நேப்பிள்ஸ தாண்டி பெருசா யாரும் கண்டுக்கல.

அப்புறம் ஜெர்மனியில ஹெர்டர்ங்கற சிந்தனையாளர். 1774-ல ஒரு சின்ன, கோவமான புத்தகம். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் மாதிரி ஆளுங்க தங்களோட நூற்றாண்ட உச்சியில வச்சுக்கிட்டு மத்த காலத்தையெல்லாம் இருட்டுன்னு சொன்னது அவருக்கு பொறுக்கல. ஒரு பந்துக்கு ஈர்ப்பு மையம் உள்ளேயே இருக்கிற மாதிரி ஒவ்வொரு மக்களுக்கும் அவங்க மகிழ்ச்சியோட மையம் அவங்களுக்குள்ளயே இருக்குன்னாரு. கலை வரலாற்றாசிரியர் விங்கெல்மன், எகிப்தியக் கலைய கிரேக்க அளவுகோல் வச்சு அளந்துட்டாருன்னு அதே புத்தகத்துல ஒரு குத்தும் விட்டாரு.

அந்தச் சொல்லு எப்ப வந்துச்சு?

ஜெர்மன் எழுத்தாளர் ஃப்ரீட்ரிஹ் ஷ்லேகலோட 1797 குறிப்புகள்ல வரலாற்றுவாதத்துக்கான ஜெர்மன் சொல்லு 'ஹிஸ்டோரிஸ்முஸ்' வருது, அதுவும் பாராட்டா. பாராட்டு வாங்குனது யாருன்னா அதே விங்கெல்மன்! பழங்காலம் நம்ம காலத்துலேர்ந்து எவ்ளோ வேறன்னு புரிஞ்சுக்கிட்டவராம். ஹெர்டர் எதுக்காக கொட்டினாரோ கிட்டத்தட்ட அதுக்கே இவரு மாலை போடுறாரு. சொல்லு பொறந்ததே சிக்கலோடதான்.

ஆனா 19-ம் நூற்றாண்டு நகர நகர அது திட்டுற வார்த்தையா மாறிடுச்சு. நல்ல சாம்பிள் பொருளாதாரத்துல இருக்கு. குஸ்டாவ் ஷ்மோலர் தலைமையில இருந்த ஜெர்மன் வரலாற்றுப் பள்ளி, பொதுவான பொருளாதார விதின்னு எதுவும் ஆகாசத்துலேர்ந்து குதிக்காது, ஒவ்வொரு நாட்டோட வரலாற்றையும் தரவையும் சேத்துப் பாத்துத்தான் பேசணும்னு நின்னுச்சு. வியன்னாவுல கார்ல் மெங்கர், அப்படி குவிச்சா தகவல்தான் குவியும், கோட்பாடு வராதுன்னு 1883-ல ஒரு புத்தகம் போட்டாரு, ஷ்மோலர் அத மட்டம் தட்டி விமர்சனம் எழுதினாரு, உடனே மெங்கர் 1884-ல 'ஜெர்மன் பொருளாதாரத்தில் வரலாற்றுவாதத்தின் பிழைகள்'னு ஒன்ன வீசினாரு. ஷ்மோலர் அத படிக்காமலே ஆசிரியருக்கே திருப்பி அனுப்பிட்டாரு, அதோட நிக்காம அந்த அனுப்பின கடிதத்தையும் தன் பத்திரிகையில அச்சடிச்சாரு. பேராசிரியர்கள் சண்டைன்னா சும்மாவா.

வரலாற்றுப் பள்ளின்னா சட்டத்துலயும் ஒன்னு இருந்துச்சாமே?

இருந்துச்சு, அதுதான் மூத்தது. நெப்போலியன் தோத்ததும் 1814-ல ஹைடல்பெர்க் பேராசிரியர் திபோ, ஜெர்மனி முழுசுக்கும் ஒரே சிவில் சட்டத் தொகுப்பு வேணும்னு எழுதினாரு. நியாயமான யோசனை மாதிரிதான் தெரியுது. ஆனா அதே வருஷமே சாவின்யிங்கற சட்ட அறிஞர் பதில் குடுத்தாரு: சட்டம் மொழி மாதிரி, மக்கள் வாழ்க்கையிலேர்ந்து தானா வளருது, நாலு பேர் ரூம்ல உக்காந்து பகுத்தறிவால தயாரிக்கிற சமாச்சாரம் இல்ல. ஜெர்மனிக்கு பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1900-ல. தாமதத்துக்கு அரசியல் காரணம் எவ்ளோவோ இருக்கு, ஆனா சாவின்யியோட வாதத்துக்கும் அதுல பங்கு உண்டு.

இளம் மார்க்ஸ் இந்தப் பள்ளிய 1844-ல ஒரே வரியில போட்டுத் தாக்கினாரு: நேத்தைய கேவலத்த காட்டி இன்னைய கேவலத்த நியாயப்படுத்துற பள்ளின்னு. வரலாற்றுவாதத்துக்குள்ள ஒரு பழமைவாதி ஒளிஞ்சிருக்கான்ங்கற சந்தேகம் அப்பலேர்ந்தே இருக்கு, எனக்கு அது பாதி நியாயம்னு தோணுது. பாதிதான். 'இது காலங்காலமா இருக்கு'ன்னு சொல்றதுக்கும் 'இது ஒரு நாள் தொடங்கினது, அதனால ஒரு நாள் முடியும்'னு சொல்றதுக்கும் ஒரே கருவிதான் உதவுது, புடிக்கிற கைய பொறுத்தது.

ரேங்கே 'நடந்தத நடந்தபடி'ன்னு சொன்னாரே, அவரு எந்தப் பக்கம்?

ரேங்கே 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் வரலாற்றாசிரியர். அந்த வரி 1824-ல வந்த அவரோட முதல் புத்தகத்தோட முன்னுரையில இருக்கு. கடந்த காலத்துக்கு தீர்ப்பு சொல்றதும் வருங்காலத்துக்கு பாடம் எடுக்கிறதும் மத்தவங்க வரலாற்றுக்கு குடுத்த வேலை, நான் அவ்ளோ பெரிய வேலைக்கெல்லாம் வரல, நடந்தது எப்படின்னு காட்டுறேன், அவ்ளோதான்னு ஒரு பணிவு. அத தனியா வெட்டி எடுத்து 'ரேங்கே தகவல் வெறியர்'னு ஆக்கிட்டாங்க.

அவரோட மனசு தெரியணும்னா 1854-க்கு போகணும். பவேரிய மன்னர் இரண்டாம் மாக்ஸிமிலியனுக்கு பெர்ஷ்டெஸ்காடன்ல தனியா சொற்பொழிவு நடத்தினாரு. முன்னேற்றம்ங்கற எண்ணத்த அங்க எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்கு வெறும் படிக்கட்டுன்னா அது கடவுள் பண்ற அநியாயம் இல்லையா, ஒவ்வொரு யுகமும் கடவுளுக்கு நேரடியா பக்கத்துல நிக்குது, அதோட மதிப்பு அதுலயே இருக்கு, அதுலேர்ந்து பின்னாடி என்ன வந்துச்சுங்கறதுல இல்லன்னாரு. முதல் வகை வரலாற்றுவாதத்துக்கு இதவிட தெளிவான வரி கிடையாது. இன்னொன்னையும் கவனிங்க, இங்க எல்லாக் காலமும் சமம்னு உத்தரவாதம் குடுக்கிறது கடவுள். பின்னாடி வந்தவங்களுக்கு அந்த உத்தரவாதம் போயிடுச்சு, அப்பதான் கூரை ஒழுக ஆரம்பிச்சுது.

ஹெகல்?

ரெண்டு பக்கமும் கால் வச்ச ஜெர்மன் தத்துவவாதி. 1820-ல சட்டத் தத்துவ நூலோட முன்னுரையில ஒவ்வொருத்தரும் தன் காலத்தோட புள்ள, தத்துவம்னா தன் காலத்த எண்ணத்துல புடிக்கிறதுன்னாரு. இது முதல் வகை. ஆனா உலக வரலாறு சுதந்திரத்தப் பத்தின உணர்வு வளர்ற கதை, அது தவிர்க்க முடியாதபடி நடக்குதுன்னும் சொன்னாரு. இது ரெண்டாவது வகைக்கு விதை. அதுக்காக அவர ஜோசியர் லிஸ்ட்ல சேக்கக் கூடாது. அதே முன்னுரையிலதான் அறிவுக்கான ரோமானிய தேவதை மினெர்வாவோட ஆந்தை சாயங்காலம்தான் பறக்கத் தொடங்குதுன்னு வருது, அதாவது தத்துவம் எப்பவும் லேட்டாத்தான் வரும், நடந்து முடிஞ்சத புரிஞ்சுக்கும், இனி நடக்கப்போறத சொல்லாது.

'வரலாற்றுவாதத்தின் நெருக்கடி'ங்கறாங்களே, என்ன நெருக்கடி?

எனக்கு மொத்த விஷயத்தோட இதயம் இதுதான், அடுத்து வரப்போற பாப்பர் விவகாரம் கூட இதுக்கு அப்புறம்தான்.

லாஜிக் ரொம்ப சிம்பிள். எல்லாமே காலத்தால உருவானதுன்னா நம்ம ஒழுக்கமும் காலத்தால உருவானது, நம்ம மதமும் அப்படி, அறிவியலோட அளவுகோலும் அப்படி, அப்ப எதை வச்சு எதை சரின்னு சொல்றது? தத்துவவாதி நீட்ஷே 1874-லயே வேற திசையிலேர்ந்து மணி அடிச்சாரு, அளவுக்கு மீறின வரலாற்று அறிவு வாழ்க்கைய முடக்கிடும், எல்லாத்தையும் புரிஞ்சுக்கிற மனுஷன் எதையும் செய்யமாட்டான்னு. அடுத்து டில்தைங்கற ஜெர்மன் தத்துவவாதி. 1883-லேர்ந்து மனித அறிவியல்களுக்கு இயற்கை அறிவியல்கள்லேர்ந்து தனியான ஒரு அடித்தளம் போடுறதுக்கே வாழ்நாள செலவழிச்சவரு. 1903-ல தன்னோட எழுபதாவது பிறந்தநாள் உரையில அவரே கேக்குறாரு, எல்லாம் காலத்த சார்ந்ததுதான்னு வரலாற்று உணர்வு காட்டிடுச்சு, இப்ப நம்பிக்கைகள்ல வரப்போற அராஜகத்த எதை வச்சு தடுக்கிறதுன்னு. எழுபது வயசுல இப்படி வெளிப்படையா கேக்குறதுக்கு ஒரு நேர்மை வேணும்.

1911-ல தத்துவவாதி ஹுஸ்ஸர்ல் ஒரு நீளமான கட்டுரையில வரலாற்றுவாதம் கடைசியில எல்லாத்தையும் சந்தேகப்படுற இடத்துலதான் கொண்டுபோய் விடும்னு அடிச்சாரு. அவரோட வாதம் கூர்மையானது: ஒரு கருத்து எப்படி உருவாச்சுங்கறது வேற, அது செல்லுமா செல்லாதாங்கறது வேற, ஒரு கணித நிரூபணம் சரியான்னு பாக்க எந்தக் கணிதக்காரனும் வரலாற்றுப் புத்தகத்த புரட்டமாட்டான். தன்னைத்தான் சொல்றாருன்னு டில்தைக்கு புரிஞ்சு, நான் அப்படிப்பட்ட சந்தேகவாதி இல்லன்னு கடிதம் எழுதினாரு, ஹுஸ்ஸர்லும் மரியாதையா பதில் போட்டாரு, ஆனா அந்த வருஷமே அக்டோபர்ல டில்தை போயிட்டாரு, பேச்சு பாதியில நின்னுடுச்சு.

இதெல்லாம் பேப்பர்ல இருந்த தத்துவப் பிரச்சனதான்னு நெனச்சா, எர்ன்ஸ்ட் ட்ரோல்ட்ஷ பாருங்க. அவரு இறையியலாளர். கிறிஸ்தவத்தையே மத்த மதங்கள் மாதிரி ஒரு வரலாற்று நிகழ்வா படிக்கணும்னா அதோட தனி உரிமை என்னாகும்ங்கறது அவருக்கு சொந்த வீட்டு விவகாரம். 1896-ல ஒரு இறையியல் கூட்டத்துல எழுந்து, எல்லாம் ஆட்டம் கண்டுடுச்சு ஐயான்னு சொன்னதா ஒரு கதை உண்டு. முதல் உலகப்போர் முடிஞ்சு எல்லாருக்கும் அடிப்படைகள் ஆட்டம் கண்ட நேரத்துல, 1922-ல 'வரலாற்றுவாதமும் அதன் பிரச்சனைகளும்'னு பெரிய புத்தகம் போட்டாரு. வரலாற்ற வரலாற்றாலயே ஜெயிக்கணும்னு ஒரு வழி தேடினாரு, ஐரோப்பியப் பண்பாட்டோட மதிப்புகள தொகுத்து அதுக்குள்ள ஒரு நிலை எடுக்கிறது மாதிரி. 1923 தொடக்கத்துலயே காலமாயிட்டாரு. அந்தத் தீர்வு எனக்கு அரைகுறையாத்தான் படுது, ஆனா நோய அவர் மாதிரி யாரும் சரியா கண்டுபுடிக்கல.

பாப்பர் எதத்தான் எதிர்த்தாரு?

இங்க 1936-ங்கற வருஷத்த நிறுத்திப் பாருங்க. ஜெர்மனியில வரலாற்றாசிரியர் மைனெக்கே 'வரலாற்றுவாதத்தின் தோற்றம்' வெளியிடுறாரு, மேற்கத்திய சிந்தனையிலேயே நடந்த மிகப்பெரிய புரட்சிகள்ல ஒன்னுன்னு புகழ்றாரு, தனித்தன்மை, வளர்ச்சின்னு ரெண்டு கருத்த அதோட உயிரா வைக்கிறாரு. அதுக்கு முந்தின வருஷம்தான் நாஜி ஆட்சியில அவர் ரொம்ப காலம் நடத்தின வரலாற்று இதழோட ஆசிரியர் பொறுப்பு அவர் கையவிட்டு போச்சு. அதே 1936-ல பிரஸ்ஸல்ஸ்ல ஒரு நண்பர் வீட்ல தத்துவவாதி கார்ல் பாப்பர் 'வரலாற்றுவாதத்தின் வறுமை'ன்னு ஒரு கட்டுரை படிக்கிறாரு. ஒருத்தர் கும்புட்றதையும் இன்னொருத்தர் உதைக்கிறதையும் பாத்தா ஒரே சாமின்னுதான் தோணும். இல்ல.

பாப்பர் குறி வச்சது ரெண்டாவது வகைய. சமூக அறிவியலோட வேலை வரலாற்றோட போக்கையும் விதியையும் கண்டுபுடிச்சு எதிர்காலத்த கணிக்கிறதுன்னு நம்புறத. கட்டுரை 1944, 45-ல 'எகனாமிக்கா'ங்கற பொருளாதார இதழ்ல வந்து, 1957-ல புத்தகமாச்சு. தலைப்பு, பிரெஞ்சு சோஷலிஸ்ட் புரூதோனுக்கு மறுப்பா மார்க்ஸ் 1847-ல எழுதின 'தத்துவத்தின் வறுமை'ய கிண்டலா ஞாபகப்படுத்துறது. வரலாற்று விதியோட தவிர்க்க முடியாத ஓட்டத்துல வச்ச பாசிச, கம்யூனிச நம்பிக்கைக்கு பலியான எண்ணற்ற மக்களுக்குன்னு சமர்ப்பணம்.

வாதம் என்னன்னா: மனுஷ வரலாற்ற அறிவோட வளர்ச்சி பலமா பாதிக்குது. நாளைக்கு நமக்கு என்ன புதுசா தெரியவரும்னு இன்னைக்கே சொல்ல முடியாது, சொல்லிட்டா அது இன்னைக்கே தெரிஞ்சதாயிடும். அதனால வரலாற்றோட போக்க அறிவியல் முறையில கணிக்க முடியாது. இது தவிர, போக்கு வேற விதி வேறன்னும் பிரிச்சாரு. மக்கள்தொகை ஒரு நூற்றாண்டா ஏறுதுன்னா அது போக்கு, சூழ்நிலை மாறினா நின்னுடும், அத விதின்னு நம்பி வண்டி ஓட்டக்கூடாது.

வாதம் பலமானது. பேரு வச்சதுதான் வம்பு. ஒவ்வொரு கருத்தும் காலத்துக்கு கட்டுப்பட்டதுங்கறத 'ஹிஸ்டரிசம்'னு தனியா பிரிச்சு வச்சுட்டேன்னு அவரே சொல்றாரு, ஆனா படிச்சவங்க எத்தன பேரு அத கவனிச்சாங்க? ரேங்கே, மைனெக்கே மாதிரி, விதின்னாலே முகம் சுளிக்கிற ஆளுங்களையும் சேத்து ஒரே குப்பையில கொட்டிட்டாங்க.

அப்ப மார்க்ஸ் பாப்பர் சொன்ன மாதிரியான ஆள்தானா?

அப்படி படிக்க இடம் குடுக்கிற வரிகள் மார்க்ஸ்கிட்ட நெறய இருக்கு, ஆனா எதிர்ச்சாட்சியும் இருக்கு. 1877-ல ஒரு ரஷ்யப் பத்திரிகைக்கு எழுதின கடிதத்துல, மேற்கு ஐரோப்பாவுல முதலாளித்துவம் தோன்றினதப் பத்தின என்னோட சித்திரத்த எல்லா மக்களுக்கும் விதிச்ச பொதுப்பாதையா மாத்தாதீங்கன்னு எரிச்சலோட சொல்றாரு. 1881 மார்ச்ல ரஷ்யப் புரட்சியாளர் வேரா ஜாசுலிச் ரஷ்ய கிராமச் சமூகம் அழிஞ்சுதான் ஆகணுமான்னு கேட்டதுக்கு, அந்தத் 'தவிர்க்கமுடியாமை' மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டும்தான்னு பதில் போட்டாரு. அந்தச் சின்ன பதிலுக்கு பல வரைவு எழுதி அடிச்சு அடிச்சு மாத்தியிருக்காரு, அவருக்கே அது லேசான கேள்வியா இல்ல.

இத்தாலியில கதை வேற. தத்துவவாதி குரோச்சே 1938-ல வாழ்க்கையும் யதார்த்தமும் வரலாறுதான், வரலாற்றத் தவிர வேற எதுவுமில்லன்னு எழுதி வரலாற்றுவாதிங்கறத பெருமையா சட்டையில குத்திக்கிட்டாரு. மார்க்சியரான கிராம்ஷி சிறையில இருந்துக்கிட்டே மார்க்சியத்த 'முழுமையான வரலாற்றுவாதம்'னாரு. 1965-ல பாரிஸ்ல இன்னொரு மார்க்சியர் அல்தூஸர், மார்க்சியம் வரலாற்றுவாதமே கெடையாதுன்னு மறுத்தாரு. மூணு பேரும் புடிச்சு இழுத்தது ஒரே சொல்லத்தான்.

எல்லாம் காலத்துக்கு கட்டுப்பட்டதுன்னா அந்தக் கூற்றும் காலத்துக்கு கட்டுப்பட்டதுதானே?

அரசியல் தத்துவவாதி லியோ ஸ்ட்ராஸ் 1953-ல இதத்தான் கேட்டாரு. எல்லாச் சிந்தனையும் வரலாற்றுக்கு உட்பட்டது, என்னோட இந்த ஒரு கண்டுபிடிப்பு மட்டும் எல்லாக் காலத்துக்கும் உண்மைன்னு வரலாற்றுவாதி தனக்கு மட்டும் விலக்கு குடுத்துக்கிறாரு, இது செல்லாதுன்னு. விவாதத்துல எதிராளிய மடக்க நல்ல ஆயுதம். ஆனா இது வேலை செய்யறது, 'எதுவுமே உண்மையில்ல'ன்னு உச்சஸ்தாயியில பேசற ஆளுகிட்டத்தான். 'நான் பாத்த வரைக்கும் காலத்த மீறின கருத்து ஒன்னும் சிக்கல, சிக்கினா சொல்லுங்க'ன்னு அடக்கமா பேசுற ஆளுகிட்ட இந்த ஆயுதம் பெருசா வெட்டாது.

ஜெர்மன் தத்துவவாதி காடமர் 1960-ல குடுத்த அடி எனக்கு இதவிட ஆழமா படுது. வரலாற்றுவாதி எல்லாரையும் அவங்கவங்க காலத்துக்குள்ள வச்சுப் பாக்குறாரு, பாக்குற தானும் ஒரு காலத்துக்குள்ள நிக்குறத மறந்துடறாரு. கிரேக்கன அவன் கண்ணால பாக்குறேன்னு சொல்லும்போது தன் கண்ண எங்க கழட்டி வச்சாரு? நம்ம முன்தீர்மானங்கள் இல்லாம கேள்வியே கேக்க முடியாது, அதனால அத ஒழிக்க பாக்குறதவிட பழைய பிரதியோட மோதவிட்டு சோதிக்கணும்ங்கறது அவரோட வழி.

திபேஷ் சக்ரவர்த்தி திட்டுற வரலாற்றுவாதம் இதுல எது?

ரெண்டாவது வகையோட ஒரு தனிக் கிளை. சக்ரவர்த்தி இந்திய வரலாற்றாசிரியர், 2000-ல வந்த புத்தகத்துல அவரு வரலாற்றுவாதம்னு சொல்றது, நவீனமோ முதலாளித்துவமோ ஜனநாயகமோ மொதல்ல ஐரோப்பாவுல, அப்புறம் மத்த எடத்துலங்கற அந்தக் காலவரிசை எண்ணம். ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் சுயாட்சி நல்லதுன்னுட்டே இந்தியர்கள் அதுக்கு இன்னும் தயாராகலன்னாரே, அந்த 'இன்னும்'-லதான் விஷயம் இருக்கு. காலனி மக்கள வரலாற்றோட காத்திருப்பு அறையில உக்கார வைக்கிறதுன்னு சக்ரவர்த்தி அத சொல்றாரு. இதுக்கு முன்னாடி ஜெர்மன் விமர்சகர் வால்டர் பெஞ்சமின் 1940-ல, சாகுறதுக்கு கொஞ்சம் முன்ன, வரலாற்றுவாதிகள் கடந்த காலத்தோட ஒன்றிப்போறோம்னு சொல்லி எப்பவும் ஜெயிச்சவனோடதான் ஒன்றிப்போறாங்கன்னாரு. அவர் அடிச்சது ரேங்கே மாதிரி ஆளுங்கள, அதாவது முதல் வகைய. ரெண்டு விமர்சனத்தையும் ஒன்னா கலக்கவேணாம்.

'புதிய வரலாற்றுவாதம்'? அப்புறம் கட்டிடக்கலையிலயும் இந்தச் சொல்ல பாத்தேனே?

புதியது இலக்கிய விமர்சனத்துல வந்தது. 1982-ல அமெரிக்க விமர்சகர் ஸ்டீஃபன் கிரீன்பிளாட் அந்தப் பேர பிரபலமாக்கினாரு. ஷேக்ஸ்பியர் நாடகத்த நாடகமா மட்டும் படிக்காம அதே காலத்து பயணக்குறிப்பு, மருத்துவ ஏடு, கோர்ட் ஆவணம் எல்லாத்தோடவும் பக்கத்துல வச்சுப் படிக்கிறது. வரலாறுங்கறது நாடகத்துக்குப் பின்னாடி தொங்குற திரை இல்ல, ரெண்டுமே ஒரே அதிகார வலைக்குள்ள சுத்துற பிரதிகள்தான்னு சொன்னாங்க, அதிகாரத்தப் பத்தி எழுதின பிரெஞ்சு சிந்தனையாளர் ஃபூக்கோவோட தாக்கம் நல்லாவே தெரியும். வரலாற்று விதிங்கற பேச்சே கெடையாது. கட்டிடக்கலையில அது 19-ம் நூற்றாண்டுல கோதிக், மறுமலர்ச்சின்னு பழைய பாணிகள எடுத்து புதுக் கட்டிடத்துல போட்டத குறிக்குது, வியன்னாவோட ரிங்ஸ்ட்ராஸ சாலையில வரிசையா நிக்குது. தத்துவச் சண்டைக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் கம்மி.